வாசல் திரையில் ஒரு பஸ்

டெக்சஸில் நான் இருக்கும் ரவுண்ட் ராக் ஊரில் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடாத குழந்தை கிடையாது. நாற்பதைத் தாண்டியதும் என்னைக் கேட்காமலே ஒட்டிவிட்ட பட்டம் அது. கோயில் பார்க்கிங்கிலும், இந்தியக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கும் இடத்திலும், என்னைவிட நாலைந்து வயதே சின்னவளாக இருக்கும் பெண்கூடத் தன் பிள்ளையிடம் "ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்பாள். எனக்குச் சுருக்கென்று வரும். அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோவில் பேசிய ஒரு பெண்மணி, முதல் நாளே, "என்னை ஆன்ட்டி என்றே கூப்பிடுங்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான்" என்று சொன்னபோது, பாவம், இவரையும் பிடித்துவிட்டார்களா என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவருடைய மக்களிடையே அது வயதானதால் மட்டும் வருகிற பெயர் இல்லை. ஊருக்காக நின்றவர்களுக்கு ஊர் தருவது.

அவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் ஒரு குழந்தைகள் மையத்தின் பொறுப்பாளர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பகலில் வந்து விளையாடி, சாப்பிட்டு, தூங்கி, வீடு திரும்பும் இடம். அந்த மையத்தின் பதிவுகளுக்கு ஒரு மென்பொருள் செய்து தருவது எங்கள் வேலை. யார் வந்தது, யார் கொண்டு வந்து விட்டது, யார் கூட்டிப் போகலாம், எந்தக் குழந்தைக்கு முட்டை ஆகாது, எதற்குத் தடுப்பூசி பாக்கி, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நானும் எங்கள் ஓனரும்தான் கம்பெனி. ஓனர் கரூர்க்காரர். இங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு, போதும் என்று வெளியே வந்தவர். கடையில் தொங்கும் ரெடிமேட் சேராதவர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது மாதிரி, சின்னச் சின்ன இடங்களுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய தங்கை அந்த மையத்தின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர். அப்படித்தான் டெக்சஸில் இருக்கும் எங்களிடம் அந்த வேலை வந்தது. நானும் அவரும் தினமும் ஒரு முறையாவது சண்டை போடுவோம். பெரும்பாலும் நான் ஆரம்பிப்பேன்.

ஆன்ட்டி மாதிரி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் எல்லாம் "நைஸ், நைஸ்" என்று தலையாட்டிவிட்டுப் பணம் கட்டிய பிறகு குறை சொல்வார்கள். இவர் முதல் திரையிலேயே நிறுத்தினார். ஒவ்வொரு குழந்தையின் விவரப் பக்கத்திலும் பெற்றோர் ஒன்று, பெற்றோர் இரண்டு, அவசரத்துக்கு ஒருவர் என்று மூன்று கட்டம் வைத்திருந்தோம். அவர் சிரித்துவிட்டார். ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, பெற்ற அம்மா, அம்மாவின் அக்கா தங்கைகள் (அவர்களும் அம்மாக்கள்தான்), அப்பாவின் அண்ணன் தம்பிகள் (அவர்களும் அப்பாக்கள்தான்) என்று சொல்லிக்கொண்டே போனார். நான் குறித்துக்கொள்ளத் திணறினேன். ஓனர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா, இதில் என்னங்க அதிசயம், நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்க என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கட்டங்களைத் தூக்கிக் கடாசினார். எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று ஆக்கினோம்.

ஆன்ட்டிக்கு மிகவும் பிடித்தது வாசல் திரை. மையத்தின் வாசலில் சுவரில் ஒரு டேப்லெட். குழந்தையைக் கொண்டு வருபவர் குழந்தையின் படத்தைத் தொட்டால் அதன் பக்கம் விரியும். அந்தக் குழந்தைக்கு வேண்டப்பட்டவர்கள் எல்லோரும் முகமும் பெயருமாக வரிசையாக நிற்பார்கள். கீழே விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று தங்கள் ஆட்களை எண்ணுவார்களாம்.

அந்த வரிசைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே ஒருவரின் முகம் இருந்தது. மையத்தின் பஸ் டிரைவர். தினமும் காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருபவர். எங்கள் வீடியோ அழைப்புகளில் ஆன்ட்டிக்குப் பின்னால் டீ கோப்பையோடு குறுக்கே போவார், கையைத் தூக்கிக் காட்டுவார். டெக்சஸில் எல்லோரும் குதிரை வைத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை கேட்டார். என் மினி வேனைப் பற்றிச் சொன்னதும் அவருக்குப் பெரிய ஏமாற்றம். பஸ் பட்டியலை நாங்கள் அகரவரிசையில் அடுக்கியிருந்ததை மாற்றச் சொன்னது அவர்தான். சாலையில் வீடுகள் வரும் வரிசையில் இருந்தால்தான் ஒரு பிள்ளை விட்டுப்போனது உடனே தெரியும் என்றார். அவருடைய நாலு வயது மகளும் அந்த மையத்தில்தான் இருந்தாள். அப்பாவின் பஸ்ஸில் முதலில் ஏறி கடைசியில் இறங்குபவள்.

அவர் திடீரென்று இறந்துபோனார். மையத்தைச் சில வாரங்கள் மூடிவிட்டார்கள். அங்கே ஒரு சாவு என்றால் ஊர் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு அந்த வீட்டோடு இருக்கும். மறுபடி திறப்பதற்கு முன்னால், எங்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர்களுக்குச் சனிக்கிழமை காலை, ஆன்ட்டி வீட்டிலிருந்து அழைத்தார். நான் துக்கம் விசாரிக்க வாயெடுத்தேன். பெயரைச் சொல்லப் போகிறேன் என்பது என் உதட்டைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை உயர்த்தி நிறுத்தினார். கோபமாக இல்லை. குழந்தை சூடான பாத்திரத்தைத் தொடப் போகும்போது தடுப்பது மாதிரி.

பிறகு விளக்கினார். இறந்தவரின் பெயரை அவர்கள் சொல்வதில்லை, படத்தைக் காட்டுவதில்லை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் அவர்கள் ஊரில் இப்படி. எவ்வளவு காலம் என்பதைக் குடும்பம் முடிவு செய்யும். அதே பெயர் உள்ளவர்களைக்கூட அதுவரை வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மையத்தில் அதே பெயருடன் ஒரு சின்னப் பையனும் இருந்தான்.

இனி அந்த நாலு வயதுக் குழந்தையை அவள் அம்மாதான் கொண்டு வர வேண்டும். வாசலில் குழந்தையின் படத்தைத் தொட்டதும் முதலில் கண்ணில் படுவது அவளுடைய அப்பாவின் முகம், பெயரோடு. அது இருக்கும் வரை அந்த வாசலை மிதிக்க முடியாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை வீட்டில் பெரியவர்களின் அழுகைக்கு நடுவில் யார் மடியிலாவது சுருண்டு கிடக்கிறாள், பேச்சு குறைந்துவிட்டது. அவள் மற்ற பிள்ளைகளோடு மணலில் உட்கார வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டும் என்றார் ஆன்ட்டி. திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் டேப்லெட்டைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பழையபடி பேப்பருக்கே போய்விடுவதாகவும் சொன்னார்.

அவர் பேசி முடிப்பதற்குள் ஓனர் கை சும்மா இருக்கவில்லை. ரொம்ப சிம்பிள் என்று சொல்லிக்கொண்டே, டிரைவரின் பதிவைத் திறந்து, 'செயலில் இல்லை' என்று மாற்றிவிட்டார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. குழந்தையைக் கூட்டிப் போகலாம் என்ற பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்தால், சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்கெல்லாம் உடனே குறுஞ்செய்தி போக வேண்டும் என்று, பாதுகாப்புக்காக, நாங்களே எழுதி வைத்திருந்தோம். 'இன்னார் இனி உங்கள் குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்படவில்லை.' பஸ்ஸில் வரும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் ஒன்று. அவருடைய சொந்த வீட்டுக்கும் ஒன்று. நல்ல வேளை, ஆன்ட்டி ஒப்புக்கொள்ளாமல் எதுவும் வெளியே போகாது. ஆனால் ஒப்புதலுக்காக அத்தனையும் அவருடைய போனுக்கு வந்தன. டிங் டிங் என்று அது அடித்துக்கொண்டே இருப்பது எங்களுக்கும் கேட்டது. அவர் எடுத்துப் பார்த்தார். போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"உங்க மெஷினுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அழைப்பு முடிந்ததும் ஓனரைப் பிடித்துக்கொண்டேன். கேட்காமல் கை வைப்பது என்ன பழக்கம், ஒரு மனுஷி துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பட்டனைத் தட்டுவதா என்று கன்னாபின்னாவென்று கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இது எங்க வீட்டுக் கதைதானுங்க," என்றார். "எனக்கு எங்கப்பாரு பேரு வச்சிருக்காங்க. மாமனார் பேரை எங்கம்மா எப்படிச் சொல்லுவாங்க? இன்னிக்கு வரைக்கும் எங்கம்மா வாயால என் பேரை நான் கேட்டதே இல்லீங்க."

அப்பாரு என்றால் அவர்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பா. அம்மா ஓனரைக் கூப்பிட வேறொரு செல்லப் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அமெரிக்கா வர விசா கேட்டு அம்மா போய் நின்றபோது, யாரைப் பார்க்கப் போகிறீர்கள், மகன் பெயரென்ன என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பேப்பரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, மகன் பெயர் மேல் விரலை வைத்துக் காட்டினாராம். விசா கிடைத்துவிட்டது.

நான் சிரித்தேன், ஆனால் விடவில்லை. எங்கள் வீட்டிலும் இது உண்டு. மாமனார் பெயர் சொல்லக் கூடாது, புருஷன் பெயர் சொல்லக் கூடாது என்று மருமகள் வாயைத்தான் கட்டுவார்கள். மாமனார் அவளை என்ன வேண்டுமானாலும் கூப்பிடலாம். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் இன்றைக்கும் கோபம்தான். அதை ஓனரிடம் சொன்னேன். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஆன்ட்டியின் ஊரில் ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லோரும் சேர்ந்து வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தியின் துக்கத்துக்காக ஒரு ஊரே ஒரு சொல்லைக் கீழே வைத்துவிடுகிறது. அதை நினைத்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்கு ரெண்டு பேரு இருக்குதுங்களே," என்றார் ஓனர். "ஒண்ணு ரெக்கார்டுக்கு, ஒண்ணு கூப்பிட. ரெக்கார்டுல இருக்கறது அங்கேயே இருக்கட்டும். வெளிய மட்டும் வரவேண்டாம்."

அதுதான் வழி. சட்டப்படி பதிவுகளை அழிக்க முடியாது, தணிக்கைக்கு வருபவர்கள் கேட்பார்கள். ஆகவே பெயர் உள்ளே இருக்கும், தூங்கும். அதே பெயர் கொண்ட சின்னப் பையனுக்குக் கூப்பிடும் பெயர் என்று தனியாக ஒரு இடம் வைத்தோம். அவன் வீட்டில் ஏற்கெனவே கூப்பிட ஆரம்பித்திருந்த பெயரே அதில் ஏறியது. தூங்கும் பெயரை எழுப்பும் நாளை மென்பொருள் தீர்மானிக்காது. குடும்பம் சொல்லி, ஆன்ட்டி திறந்தால்தான் உண்டு.

சனிக்கிழமை முழுக்க ஓனர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தோம். அந்தப் பெயரோ ஒரு பொந்தை அடைத்தால் இன்னொரு பொந்தில் எட்டிப் பார்த்தது. வாசல் திரையில் மறைத்தோம், பஸ் பட்டியலின் தலைப்பில் வந்தது. அங்கே மறைத்தோம், தேடும் கட்டத்தில் முதல் எழுத்தை அடித்ததும் மென்பொருள் ஆர்வமாக மீதியை நிரப்பியது. அச்சடிக்கும் பக்கத்தின் மூலையில் இருந்தது. கடைசியில் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். மையத்து ஆட்களின் பிறந்தநாளுக்கு வாசல் திரையில் பலூன் பறக்கிற மாதிரி நான்தான் ஆசை ஆசையாகச் செய்திருந்தேன். அடுத்த வாரம் அவருடைய பிறந்தநாள். படத்தோடு, பெயரோடு, கலர் கலராகப் பலூன் பறந்திருக்கும். அந்த அம்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்து, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எல்லாம் முடிந்ததும் வாசல் திரையில் அந்த நாலு வயதுக் குழந்தையின் பக்கத்தில் அப்பா இருந்த இடம் காலியாகிவிட்டது. சாயங்காலம் ஆன்ட்டியிடம் காட்டினோம். அவர் வெகு நேரம் பார்த்தார். இப்படி ஆக்கினால் அவர் இருந்ததே இல்லை என்பது போலல்லவா இருக்கிறது என்றார். மற்ற முகங்களை நகர்த்தி இடைவெளியை மூடலாமா என்று நான் கேட்டேன். அது இன்னும் மோசம் என்றார். என்ன வைப்பது என்பதைத் தான் சொல்ல முடியாது, குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்று போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அம்மாவுடைய அக்காவிடமிருந்து பதில் வாங்கி அனுப்பினார். பஸ்ஸை வையுங்கள். மையத்தின் சுவரில் பிள்ளைகள் வரைந்த ஒரு வெள்ளை பஸ் இருந்தது. சக்கரங்கள் நான்கும் ஒரே பக்கத்தில், ஜன்னல்களில் தலைகள், டிரைவர் இடத்தில் ஒன்றும் இல்லை. ஆன்ட்டி அதைப் படமெடுத்து அனுப்பினார். அதைச் சிறிதாக்கி அந்த இடத்தில் பொருத்தினோம்.

அப்புறம்தான் எங்கள் பெரிய சண்டை. அந்த பஸ்ஸைத் தொட்டால் என்ன ஆக வேண்டும்? திரையில் மற்ற முகங்களைத் தொட்டால் அவர்களின் விவரம் திறக்கும். இதைத் தொட்டால் ஒரு எச்சரிக்கை வரட்டும், 'மறைக்கப்பட்ட பதிவு, பார்க்க விரும்புகிறீர்களா' என்று ஒழுங்காகக் கேட்போம் என்றேன். உலகத்தில் எல்லா மென்பொருளும் அப்படித்தான் செய்கிறது. ஓனர் முடியாது என்றார்.

"தொட்டா ஒண்ணும் ஆகக்கூடாதுங்க."

"ஒண்ணும் ஆகலைன்னா கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. நாளைக்கே சாஃப்ட்வேர்ல கோளாறுன்னு நம்ம தலையில வந்து விழும்," என்றேன்.

அவர் அசையவில்லை. ஆன்ட்டியையே கேட்போம் என்று அழைத்தேன். எப்போதும் என் கட்சி பேசுபவர், அன்று ஓனர் சொல்வதுதான் சரி என்றுவிட்டார். ஓனரின் மனைவி கொண்டு வந்து வைத்த இடியாப்பச் சேவையை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வயிறு நிறைந்த பிறகு எனக்கும் அவர்கள் சொன்னது விளங்கியது. கேள்வி கேட்பதும் ஒரு பேச்சுதானே.

அதைச் செய்வது இருக்கிறதே, அது லேசான வேலை இல்லை. ஒரு படத்தை அழுத்திப் பிடித்தால் சேமிக்கவா, பகிரவா என்று டேப்லெட் தானாகவே கேட்கும். இரண்டு முறை தட்டினால் பெரிதாக்கும். இழுத்தால் இழுபடும். ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்க வேண்டியிருந்தது. ஏதாவது நடப்பதற்கு எழுதியதைவிட, ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு அதிகம் எழுதினோம். ஓனரின் பொறுமையை நான் அதற்கு முன்னால் அவ்வளவு மதித்ததில்லை. ஞாயிறு காலையில் ஒரு குழந்தை மாதிரி உட்கார்ந்து அந்த பஸ்ஸை எல்லா விதத்திலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை, அங்கே திங்கள் காலை, மையம் திறந்தது. வருகைப் பதிவு எங்கள் திரையில் வரிவரியாக ஏறியது. புது டிரைவர் கொண்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சின்னப் பையன் தன் புதுப் பெயரில் வந்துவிட்டான். அந்தக் குழந்தையின் வரி மட்டும் வரவில்லை. ஓனர் புல்லுக்குத் தண்ணீர் விடப் போகிறேன் என்று எழுந்து போனார், குழாயைத் திறக்காமலே திரும்பி வந்தார். காபி ஆறிப்போய் ஆடை படிந்தது. வராவிட்டால் டேப்லெட்டைக் கழற்றிவிடுவார்கள், அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் இன்னொரு நாள் யார் மடியிலாவது சுருண்டு கிடப்பாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது. குழந்தை வந்துவிட்டாள். கொண்டு வந்தவர்: அம்மா.

ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஆறிய காபியைக் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி தன் மேஜையிலிருந்து அழைத்தார். அம்மாவும் அக்காவும் வெளியே மரத்தடியில் வெகு நேரம் நின்றார்களாம். குழந்தைதான் உள்ளே ஓடி வந்து திரையில் தன் படத்தைத் தொட்டாள். பக்கம் விரிந்ததும் பஸ், பஸ் என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வந்தார். அம்மாக்கள், அப்பாக்கள், நடுவில் அந்த வெள்ளை பஸ். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விரலை நீட்டி பஸ்ஸைத் தொட்டார்.

"எனக்கு மூச்சே நின்னுடுச்சு," என்றார் ஆன்ட்டி. "உங்க மெஷினைத் தொட்டா என்னென்ன பண்ணும்னு எனக்குத் தெரியுமே."

ஒன்றும் ஆகவில்லை. அவர் இன்னொரு முறை தொட்டார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. விரலை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். குழந்தை அதற்குள் மணலுக்குப் போய்விட்டாள்.

அந்த பஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எப்போது எடுப்பது என்று குடும்பம் சொல்லும், நாங்கள் கேட்பதில்லை. தினமும் காலையில் அந்த அம்மா அதைத் தொட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாராம். ஆன்ட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். யார் வந்தது, எப்போது வந்தது, என்ன சாப்பிட்டது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற எங்கள் மென்பொருளில் அது மட்டும் பதிவாவதில்லை.